குமரி மாவட்டத்தில் சொகுசு மின்சார செடான் வாங்கும் முன் என்னவெல்லாம் பார்க்க வேண்டும்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் என்று எங்கே பார்த்தாலும் பச்சை நம்பர் பிளேட் வண்டிகள் கூடிவிட்டன. அதில் பெரும்பாலானவை சின்ன வண்டிகள்தான். பி.ஒய்.டி. சீல், பி.எம்.டபிள்யூ ஐ4, மெர்சிடிஸ் இ.க்யூ.எஸ். மாதிரி நாற்பது லட்சத்திலிருந்து கோடிக்கு மேல் வரை போகும் செடான் ஒன்றை எடுக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஷோரூமில் உங்களுக்குப் பெருமையாகக் காட்டப்போகும் விஷயங்களில் முக்கால்வாசி, 2012 ஜூனில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த டெஸ்லா மாடல் எஸ் என்ற ஒரே காரிலிருந்து பரவியவை. தரைக்கடியில் விரித்து வைத்த பேட்டரி, 17 அங்குல தொடுதிரை, இன்டர்நெட் வழியாகவே வண்டியின் மென்பொருளைப் புதுப்பிப்பது, உள்ளே ஒளிந்துகொள்ளும் கதவுக் கைப்பிடி, கம்பெனியே போட்ட வேக சார்ஜர்கள். அதற்கு முன்னால் மின்சார கார் என்றாலே சின்னதும் மெதுவானதும்தான் என்று பெரிய கம்பெனிகள் இருந்தன. அமெரிக்க அரசின் அளவீட்டிலேயே ஒரு சார்ஜுக்கு 426 கிலோமீட்டர் ஓடும் பெரிய குடும்ப கார் வந்ததும் போட்டியாளர்களும் இறங்க வேண்டியதாயிற்று; 2019-ல் போர்ஷே டைகான், 2021-ல் இ.க்யூ.எஸ். என்று வரிசையாக வந்தன. அதெல்லாம் நல்லதுதான், ஆனால் கலிஃபோர்னியா ரோட்டுக்கு யோசித்த ஒவ்வொன்றையும் நம்ம ஊர் ரோட்டில் வைத்துப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

முதலில் வண்டியின் வயிறு. பேட்டரி கீழே இருப்பதால் வளைவில் கார் சாயாமல் நிற்கும், பேச்சிப்பாறைப் பக்கம் ஓட்டினால் அந்த சுகம் தெரியும். ஆனால் நீளமான வண்டி, தாழ்வான அடிப்பகுதி, நம்ம ஊர் வேகத்தடை, மூன்றும் சேர்ந்தால் இடிக்கும். இ.க்யூ.எஸ். 5.2 மீட்டர் நீளம், அதன் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையில் மட்டும் 3.2 மீட்டர். 2013-ல் ரோட்டில் கிடந்த இரும்பு அடியில் குத்தி மாடல் எஸ் கார்கள் தீப்பிடித்த பிறகு, டெஸ்லா முதலில் மென்பொருள் மூலமே நெடுஞ்சாலையில் வண்டி உயரத்தைக் கூட்டியது, 2014 மார்ச்சில் அடியில் டைட்டானியம் கவசமும் போட்டது. அதனால் டெஸ்ட் டிரைவை ஷோரூம் வாசலில் முடிக்காதீர்கள். நாலு பேரை ஏற்றிக்கொண்டு உங்கள் தெருவுக்கே கொண்டுவரச் சொல்லுங்கள், வீட்டு முடுக்குக்குள் திருப்பிப் பாருங்கள், வாசல் சரிவில் ஏற்றிப் பாருங்கள். அடியில் உரசும் சத்தம் ஒருமுறை கேட்டாலும் வேறு மாடல் பாருங்கள், அல்லது உயரத்தைக் கூட்டும் ஏர் சஸ்பென்ஷன் இருக்கிறதா என்று கேளுங்கள். இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம், ஏனென்றால் காரிலேயே விலை கூடின பொருள் அங்கேதான் இருக்கிறது.

அடுத்தது ரேஞ்ச், அதாவது ஒரு சார்ஜில் ஓடும் தூரம். இ.க்யூ.எஸ். 580-க்கு இந்தியச் சோதனையில் 857 கிலோமீட்டர் என்று போட்டார்கள், அதே கார் ஐரோப்பியச் சோதனையில் 700-ஐத் தொடவில்லை. ஐரோப்பியக் கணக்கையே எடுத்துக்கொண்டு அதிலும் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். அப்புறம் நமக்கு ஆரல்வாய்மொழி கணவாய் இருக்கிறது. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து வரும் காற்று, திருநெல்வேலியிலிருந்து திரும்பி வரும்போது நேராக முகத்தில் அடிக்கும். 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டிக்கு எதிரே 30 கிலோமீட்டர் காற்று அடித்தால், வண்டிக்கு அது 120-ல் போவது மாதிரி, காற்றின் எதிர்ப்பு ஏறக்குறைய 1.8 மடங்காகும். வேகத்தை 70-க்குக் குறைத்தால் நன்றாகவே மிச்சமாகும். திரும்பி வரும்போது வள்ளியூர் தாண்டுவதற்குள் பேட்டரியில் சார்ஜ் எவ்வளவு மிச்சம் என்று பார்த்துவிடுங்கள், சென்னைக்குக் கிளம்பினால் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் மாற்றாக இன்னொரு சார்ஜரைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டு சார்ஜிங் விஷயத்தில் கணக்கு எளிது. பி.ஒய்.டி. சீலின் பெரிய பேட்டரி 82.56 யூனிட். 15 ஆம்ப் பிளக்கில் மணிக்கு மூன்று யூனிட் ஏறினால் ஒரு நாளுக்கு மேல் ஆகும், 7.4 கிலோவாட் சார்ஜரில் ராத்திரி எட்டு மணிக்குப் போட்டால் காலை எட்டுக்கு நிறைந்துவிடும். முதலில் கரண்ட் ஆபீஸில் லோடு கூட்ட எழுதிக் கொடுங்கள். பழைய ஓட்டு வீடு என்றால் எர்த் சரியாக இருக்காது, எர்த் சரியில்லாவிட்டால் பல சார்ஜர்கள் வேலை செய்யவே மறுத்துவிடும். எலக்ட்ரீஷியனை வைத்துத் தனி எர்த் குழி போட்டு, அளந்து பார்த்துவிட்டுத்தான் சார்ஜர் பெட்டியை மாட்ட வேண்டும். குளச்சல், முட்டம் மாதிரிக் கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் அதை உப்புக்காற்று படாத சுவரில் மாட்டுங்கள், காரின் அடிப்பகுதியையும் அடிக்கடி நல்ல தண்ணீரில் கழுவுங்கள். சீலில் இருப்பது எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரி, அதை அவ்வப்போது 100 சதவீதம் வரை ஏற்றலாம். மற்ற பெரும்பாலான சொகுசு கார்களில் இருப்பது வேறு வகை, தினசரி ஓட்டத்துக்கு 80 சதவீதத்தில் நிறுத்துங்கள்.

திரையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மெமரி சிப் தேய்ந்து திரை செயலிழந்ததால், 2021-ல் டெஸ்லா தன் பழைய மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களில் சுமார் 1,35,000-ஐத் திரும்ப அழைக்க வேண்டி வந்தது. பின்பக்க கேமராவும் கண்ணாடிப் பனியை நீக்கும் வசதியும் அந்தத் திரையையே நம்பியிருந்தன. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓட்டப்போகும் நமக்கு வைப்பரும் பனி நீக்கியும் கைக்கெட்டும் பொத்தானாக இருப்பதுதான் பாதுகாப்பு. திரையில் தேட வேண்டிய மாடலா என்று ஓட்டும்போதே சோதியுங்கள். கைப்பிடியும் அப்படித்தான்: காரில் கரண்ட் போனால் உள்ளிருந்து கதவைத் திறக்கும் லீவர் எங்கே இருக்கிறது என்று, முக்கியமாகப் பின் சீட்டுக்கு, வீட்டில் எல்லோருக்கும் காட்டிக்கொடுங்கள்.

சானல் கரை உடைந்தோ குளம் பெருகியோ தண்ணீர் வந்து கார் தரைக்கு மேல் ஏறிவிட்டால் ஆன் பண்ணிப் பார்க்காதீர்கள், சார்ஜும் போடாதீர்கள். சக்கரம் உருளும்படி கயிறு கட்டி இழுக்கவும் கூடாது, மோட்டார் கெட்டுவிடும், முழு வண்டியையும் மேலே ஏற்றும் ஃபிளாட்பெட்தான் வர வேண்டும். பல மாடல்களில் ஸ்டெப்னியும் கிடையாது. அதனால் ஃபிளாட்பெட் எங்கிருந்து வரும், திருவனந்தபுரமா மதுரையா, எத்தனை மணி நேரத்தில் வரும், செலவு யாருடையது, ஹை வோல்டேஜ் வேலை தெரிந்த மெக்கானிக் அந்த சர்வீஸ் சென்டரில் இருக்கிறாரா என்பதையெல்லாம் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.