கறிக்கோழித் தீவனச் சேர்மானங்கள்: எதை, எவ்வளவு, எதோடு சேர்க்கக் கூடாது

சொந்தமாகத் தீவனம் அரைப்பவருக்கு நான்கு சேர்மானங்கள் போதும்: ரத்தக்கழிச்சல் தடுப்பு மருந்து, பைட்டேஸ் நொதி (தானியத்தில் கட்டுண்டிருக்கும் பாஸ்பரஸை விடுவிப்பது), புரோபயாடிக் (நன்மை செய்யும் நுண்ணுயிர்ப் பொடி), தண்ணீரில் விடும் அமிலம். கிடைப்பதையெல்லாம் வாங்கிக் கொட்டினால் ஒன்றின் வேலையை இன்னொன்று கெடுக்கும். பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை எந்த டாக்சின் பைண்டரும் (பூசண நச்சைப் பிடித்துக்கொள்ளும் பொடி) நல்லதாக்காது. அதை வாங்காமல் இருப்பதே வழி.

எதையும் நேரடியாக மிக்சரில் போடாதீர்கள். ஒரு டன்னுக்கான பொடிகளை முதலில் 10 கிலோ மக்காச்சோள மாவில் கையால் கலந்து, அதை 50 கிலோவாகப் பெருக்கி, பிறகு மிக்சரில் விடுங்கள். உலர் கலவை முடிந்த பிறகே எண்ணெய். முன்பே ஊற்றினால் பொடி கட்டிகட்டியாகத் திரளும்.

இப்படிச் சீராகக் கலப்பது, ரத்தக்கழிச்சல் தடுப்பு மருந்தான சாலினோமைசினுக்கு மிக முக்கியம். 12 சதவீதப் பொடி டன்னுக்கு 500 கிராம், அதாவது 60 பிபிஎம் (பத்து லட்சத்தில் 60 பங்கு). ஒரு மூலையில் தேங்கினால் அந்தத் தீவனம் தின்ற கோழி இரை குறைத்து, கால் வலுவிழந்து படுக்கும். சாலினோமைசினோ அதே வகை மருந்தான மோனென்சினோ தீவனத்தில் இருக்கும்போது டியாமுலின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கொடுக்கவே கூடாது. பக்கவாதம் வந்து கூட்டமாகச் சாகும். குதிரை, வான்கோழி இருக்கும் பண்ணையில் இந்தத் தீவனம் அவற்றின் வாய்க்கு எட்டக் கூடாது. விற்பனைக்கு முன் எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்பதை லேபிளில் பாருங்கள்.

பைட்டேஸில் காசு மிச்சமாவது, பாஸ்பரஸுக்காகப் போடும் டிசிபியில்தான் (டைகால்சியம் பாஸ்பேட்). கிராமுக்கு 5000 யூனிட் உள்ள பொடி டன்னுக்கு 100 கிராம் போட்டால் கிலோவுக்கு 500 யூனிட். அதற்கு ஈடாக டன்னுக்குப் போடும் டிசிபியில் சுமார் 5 கிலோவைக் குறைக்கலாம். குறைக்காமல் நொதியையும் போட்டால் செலவு இரட்டிப்பு. சுண்ணாம்புக்கல் தூள் கூடினாலும் நொதி சரியாக வேலை செய்யாது.

புரோபயாடிக்கை வாங்கும்போது பாக்கெட்டில் உயிரணு எண்ணிக்கையைப் பாருங்கள். கிராமுக்கு 100 கோடி உள்ள பொடி டன்னுக்கு 500 கிராம் என்றால் ஒரு கிராம் தீவனத்தில் 5 லட்சம் இருக்கும். 10 கோடிப் பொடியில் அதே அளவுக்கு 50 ஆயிரம்தான். மலிவு விலையின் ரகசியம் பெரும்பாலும் அதுவே. தீவனத்தைக் குருணையாக அழுத்தும் பெல்லட் அடிக்கும் சூடு 80 டிகிரியைத் தொடும், அதில் லாக்டோபேசில்லஸ் வகை நுண்ணுயிர் பிழைக்காது. பெல்லட்டுக்கு வித்து உருவாக்கும் பேசில்லஸ் வகையை வாங்குங்கள். மேஷ் (அழுத்தாத மாவுத்) தீவனத்துக்கு இரண்டும் சரி.

ஒருங்கிணைப்புப் பண்ணைக்காரர்களுக்கு (கம்பெனிக்காகக் கோழி வளர்த்துக் கொடுப்பவர்கள்) தீவனம் கம்பெனியிலிருந்து வந்துவிடும். அவர்கள் கையில் இருப்பது தண்ணீர் மட்டும். அமிலத்தின் அளவு போர் தண்ணீரைப் பொறுத்தது. 10 லிட்டர் வாளியில் சிறிது சிறிதாக விட்டு, பிஎச் (அமிலத்தன்மை அளவு) 5க்கும் 6க்கும் இடையில் வரும் அளவைக் குறித்துக்கொண்டு, தொட்டிக்குப் பெருக்குங்கள். 4க்குக் கீழே போனால் குஞ்சு குடிப்பதைக் குறைக்கும். முதன்முறை விடும்போது குழாயின் உட்புறப் பாசி கழன்று நிப்பிளை (கோழி குடிக்கும் முனையை) அடைக்கும். லைனை வேகமாகத் தண்ணீர் விட்டு அலசுங்கள். அடர் அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே வாளியில் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், ஆளுக்கே ஆபத்து. தண்ணீர் வழியாகத் தடுப்பூசி போடும் நாளில் அமிலமும் வேண்டாம், குளோரினும் வேண்டாம். புரோபயாடிக்கைத் தண்ணீரில் கொடுத்தாலும் குளோரினை முந்தைய நாளே நிறுத்துங்கள்.

வளர்ச்சிக்கென்று கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கை யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். உணவுக்கான விலங்குகளுக்கு அதன் விற்பனையை இந்திய அரசு 2019இல் தடை செய்தது.

புதிய பொருளைச் சோதிக்க, ஒரே ஷெட்டைத் தடுப்புக் கட்டி இரண்டாக்குங்கள். ஒரே நாள் குஞ்சு, ஒரே தீவனம், ஒரு பக்கம் மட்டும் சேர்மானம். ஏழாம் நாள் இரு பக்கமும் எடை போடுங்கள். குஞ்சின் வரவு எடையைப்போல் நான்கு மடங்குக்குமேல் இருக்க வேண்டும். இரு பக்கமும் அதைத் தொடவில்லை என்றால் கோளாறு புரூடிங் (குஞ்சுக்குக் கதகதப்பு தரும்) சூட்டிலோ தண்ணீரிலோ இருக்கிறது. அதைச் சரி செய்யும்வரை சேர்மானத்துக்குச் செலவழிக்க வேண்டாம்.