பாப் ஹாஸ்கின்ஸ் படங்களை எந்த வரிசையில், எப்படிப் பார்ப்பது

5 அடி 6 அங்குல உயரம், உருண்டு திரண்ட உடம்பு, லண்டன் தெருப்பேச்சு. பிரிட்டிஷ் நடிகர் பாப் ஹாஸ்கின்ஸ் (1942–2014) இவற்றை வைத்துக்கொண்டுதான் திரையில் ரவுடியாக நின்றார். 15 வயதில் பள்ளியை விட்டவர். மூட்டை தூக்கினார், லாரி ஓட்டினார். நடிப்புப் பயிற்சி எதுவும் பெறவில்லை.

'த லாங் குட் ஃப்ரைடே'யில் (1980) தொடங்குங்கள். 'ஹூ ஃப்ரேம்டு ராஜர் ராபிட்'டில் (1988) ஆரம்பித்தால் கார்ட்டூன் முயல்தான் மனதில் நிற்கும், இவர் நழுவிவிடுவார். போனில் பார்க்க வேண்டாம். 'லாங் குட் ஃப்ரைடே'வுக்கு முகம் பெரிதாகத் தெரிய வேண்டும். டிவியில் அசைவை வழவழப்பாக்கிக் காட்டும் மோஷன் ஸ்மூத்திங்கை அணைத்துவிடுங்கள்.

முதல் சில நிமிடங்களில் பேச்சே அதிகம் இல்லை, யார் யாரைக் கொல்கிறார்கள் என்றும் புரியாது. பின்னால் ஓட்டிப் பார்க்காதீர்கள். ஹாஸ்கின்ஸ் நடிக்கும் தாதா ஹேரல்டுக்கே அது புரியாமல் இருப்பதுதான் கதை.

ஆங்கில சப்டைட்டில் அவசியம். காக்னி எனப்படும் லண்டன் தெருப்பேச்சில் 'ஹ' உதிர்ந்துவிடும், 'திங்' என்பது 'ஃபிங்' ஆகும். ஆனால் டப்பிங் பக்கம் போகாதீர்கள். அமெரிக்க வெளியீட்டுக்காக இவர் குரலையே மாற்றப் பார்த்தார்கள். சட்டப்படி எதிர்த்துத் தன் குரலை மீட்டார்.

கடைசிக் காட்சியை இரண்டு முறை பாருங்கள். (படம் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.) ஹேரல்ட் காரில் ஏறுகிறான். முன் சீட்டிலிருந்து பின்னாளில் ஜேம்ஸ் பாண்டாக வந்த இளம் பியர்ஸ் பிராஸ்னன் திரும்பித் துப்பாக்கியை நீட்டுகிறார். அதன் பிறகு ஹாஸ்கின்ஸுக்கு வசனம் ஒன்றுகூட இல்லை. கேமரா அவர் முகத்தை விட்டு அதிகம் நகர்வதும் இல்லை. இரண்டாம் முறை ஒலியை அணைத்துவிட்டு வாயையும் கண்ணையும் மட்டும் கவனியுங்கள். ஆத்திரம் வருகிறது, கணக்குப் போடுகிறார், பயம் எட்டிப் பார்க்கிறது, தோற்றதை ஏற்கும் ஒரு இளிப்பும் வந்து போகிறது. பிரிட்டிஷ் தாதா படங்களில் இதற்கு இணையான இன்னொரு முகத்தை என்னால் சொல்ல முடியாது.

அடுத்து 'மோனா லிசா' (1986). கான் விழாவில் சிறந்த நடிகர் விருதும் ஆஸ்கர் பரிந்துரையும் வாங்கித் தந்த படம். சிறையிலிருந்து வந்த ஜார்ஜ் (ஹாஸ்கின்ஸ்), ஒரு பாலியல் தொழிலாளிக்குக் கார் ஓட்டுகிறான். நல்ல துணி வாங்கிக்கொள் என்று அவள் பணம் தர, பகட்டான சட்டையோடு வந்து நிற்கிறான். அவள் முகம் மாறுவதைக் கண்டு அவன் எப்படிச் சுருங்குகிறான் என்று பாருங்கள். முரட்டு ஆள் புண்படுவதை இவரளவுக்குக் காட்டியவர்கள் குறைவு.

இப்போது ராஜர் ராபிட். முயல் பின்னர் வரையப்பட்டது, படப்பிடிப்பில் எதிரே வெற்றிடம்தான். இவர் பார்வை எங்கே குவிகிறது என்று கவனியுங்கள்: பின்சுவருக்குப் போகாமல் முயலின் உயரத்திலும் தூரத்திலும் நிற்கும்.

முடிவாக 'ட்வென்டி ஃபோர் செவன்' (1997). வேலையற்ற இளைஞர்களுக்குக் குத்துச்சண்டை கற்றுத்தரும் மனிதராக வருகிறார். கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் டிவியின் பிக்சர் மோடை 'விவிட்'டிலிருந்து 'சினிமா'வுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நிழல்கள் கறுத்துப்போய் முகம் பாதி மறைந்துவிடும்.