பை கசிந்ததற்குக் காரணம் துளையின் அளவு

அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடலில் அழற்சியும் புண்ணும் வரும் நோய்) ஒன்பது வருடம் படுத்தி, கடைசியில் பெருங்குடலை எடுத்துவிட்டு வயிற்றில் இலியோஸ்டமி வைத்தார்கள், அதாவது சிறுகுடலின் முனையை வயிற்றில் ஒரு திறப்பாக (இதுதான் ஸ்டோமா) வெளியே கொண்டுவந்து, கழிவு அதன்மேல் ஒட்டும் பையில் சேரும்படி செய்தார்கள். வலி, ரத்தப்போக்கு, ராத்திரி பத்து தடவை ஓடுவது எல்லாம் நின்றது, அதற்கு என்றைக்கும் நன்றியோடு இருப்பேன். ஆனால் வீட்டுக்கு வந்த நான்காவது வாரம் பை கசிய ஆரம்பித்தது. விடியற்காலை மூன்று மணிக்குப் போர்வை ஈரம், தோலில் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல எரிச்சல். சிறுகுடலிலிருந்து வரும் கழிவில் செரிமான நொதிகள் இருக்கும், அவை தோலையும் அரித்துவிடும்.

வேறு பை வாங்கிப் பார்த்தேன். அம்மா பாசத்தில் தேங்காய் எண்ணெய் தடவினார், அதன்மேல் பசை ஒட்டவே இல்லை. ஸ்டோமா நர்ஸ் அக்கா பார்த்ததும் அளவு அட்டையைத்தான் எடுத்தார். ஆஸ்பத்திரியில் 35 மி.மீ. இருந்த ஸ்டோமா 28 ஆகியிருந்தது, நான் பையின் ஒட்டும் பகுதியில் பழைய அளவிலேயே துளை வெட்டிக்கொண்டிருந்தேன், அந்த இடைவெளியில்தான் கழிவு தோலில் பட்டுக் கசிந்தது. முதல் ஆறு, எட்டு வாரம் வீக்கம் வடிந்து சுருங்குமாம், அதனால் வாரம் ஒரு தடவை அளந்து 2 மி.மீ. மட்டும் கூட விட்டு வெட்டச் சொன்னார்.

இப்போது காலையில் சாப்பிடும் முன்பே மாற்றிவிடுகிறேன், அப்போதுதான் கழிவு குறைவாக வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்து, நன்றாக உலரவிட்டு, புண் இருந்தால் ஸ்டோமா பவுடர் தூவி மிச்சத்தைத் தட்டிவிட்டு, ஒட்டியபின் உள்ளங்கையை இரண்டு நிமிடம் மேலே வைத்தால் சூட்டில் பசை இறுகப் பிடிக்கிறது. பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்துவிடுங்கள். அப்புறம், வெறும் தண்ணீராகவே குடிக்காதீர்கள், கழிவோடு உப்பும் போய்விடும், நான் உப்புக் கஞ்சியும் ஓ.ஆர்.எஸ்.-உம் குடிக்கிறேன்.

பத்து நாளில் தோல் ஆறியது.