இணைய வானொலியை லேப்டாப்பிலேயே பதிவு செய்ய

இணையத்தில் ஓடும் பாட்டையோ பேச்சையோ பதிவு செய்ய மைக்கை ஸ்பீக்கர் பக்கத்தில் வைக்கவே வைக்காதீர்கள், மின்விசிறிச் சத்தமும் சேர்ந்துதான் பதிவாகும். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். விண்டோஸ் என்றால் ஆடாசிட்டியின் ஆடியோ அமைப்பில் ஹோஸ்ட்டாக வாசாபி (WASAPI) என்பதையும், ரெக்கார்டிங் கருவியாக உங்கள் ஸ்பீக்கர் பெயருக்குப் பக்கத்தில் லூப்பேக் (loopback) என்று போட்டிருப்பதையும் தேர்ந்தெடுங்கள். கம்ப்யூட்டருக்குள் ஓடும் ஒலி மைக் பக்கமே போகாமல் நேராகப் பதிவாகிவிடும். மேக்கில் இதற்கு பிளாக்ஹோல் மாதிரி ஒரு துணை மென்பொருள் தேவைப்படும்.

முதலில் அரை நிமிடம் சோதனையாகப் பதிந்து மீட்டரைப் பாருங்கள். உச்சம் மைனஸ் 6 டெசிபல் பக்கம் இருந்தால் சரி, 0-ஐத் தொட்டால் பிளேயரின் ஒலியளவைக் குறையுங்கள், ஏனென்றால் கிழிந்து பதிவான ஒலியைப் பிறகு முழுதாகச் சரிசெய்ய முடியாது. அப்புறம் நோட்டிஃபிகேஷன் சத்தங்களை அணைத்துவிடுங்கள், நல்ல கச்சேரிக்கு நடுவே மெயில் வந்த 'டிங்' கேட்டால் மனசு விட்டுப்போகும். நீங்கள் இல்லாத நேரத்து நிகழ்ச்சிக்கு டைமர் ரெக்கார்ட் இருக்கிறது, ஆனால் லேப்டாப் ஸ்லீப்புக்குப் போகாதபடி அமைத்துவிட்டு சார்ஜரையும் மாட்டிவையுங்கள்.

சேமிக்கும்போது, பேச்சுக்கு 128 கேபிபிஎஸ் எம்பி3 தாராளம், ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 58 எம்பிதான் வரும். சுருக்காத வேவ் (WAV) கோப்பாக வைத்தால் 600 எம்பியைத் தாண்டும்.

வானொலியின் நேரடி ஸ்ட்ரீம் முகவரி கையில் இருந்தால் விஎல்சி பிளேயரில் திறந்து, வியூ மெனுவில் அட்வான்ஸ்டு கன்ட்ரோல்ஸைத் தேர்ந்தெடுத்தால் தெரியும் சிவப்புப் பொத்தானை அழுத்தினாலே போதும், எனக்குப் பிடித்த வழி அதுதான்.