வெயிலில் இரைக்கும் கறவை மாட்டுக்கு ஆப்பச்சோடா, தாது உப்பு: எவ்வளவு, எப்படி?

பங்குனி பிறந்தால் பாலும் குறையும், பால் சொசைட்டியில் பார்க்கும் பாலின் கொழுப்பும் இறங்கும். உடனே டானிக் வாங்க ஓட வேண்டாம். மதியம் இரண்டு மணிக்கு மாட்டின் விலா ஏறி இறங்குவதை அரை நிமிடம் எண்ணி, இரண்டால் பெருக்குங்கள். 60-க்கு மேல் போனால் வெயில் தாக்கியிருக்கிறது. 80-ஐத் தாண்டி வாயைத் திறந்து எச்சில் ஒழுக்கினால் முதலில் உடம்பை நனைத்துக் காற்றுப் பட வையுங்கள். காற்றோட்டமில்லாத ஷீட் கொட்டகையில் தண்ணீர் மட்டும் தெளித்தால் புழுக்கம் கூடி இரைப்பு அதிகமாகும்.

இரைக்கும் மாடு கரியமில வாயுவை அளவுக்கு மேல் வெளியே விடுகிறது. அதை ஈடுகட்டச் சிறுநீரகம் பைகார்பனேட்டை வெளியேற்றுகிறது. வயிற்றுக்குள் போய்ப் புளிப்பை முறிக்க வேண்டிய எச்சிலும் தரையில் ஒழுகிவிடுகிறது. போதாக்குறைக்கு மாடு ராகித்தாளை ஒதுக்கிவிட்டு அடர்தீவனத்தை (தவிடு, புண்ணாக்கு, தானியக் கலவை) மட்டும் தின்னும். கொழுப்பு இறங்குவது இதனால்தான்.

இப்படி இழக்கும் பைகார்பனேட்டைத் திருப்பித் தருவது ஆப்பச்சோடா (சோடியம் பைகார்பனேட்). 10–12 லிட்டர் கறக்கும் கலப்பின மாட்டுக்கு அது நாளுக்கு 80–100 கிராம் போதும். 25 கிராமில் தொடங்கி ஒரு வாரத்தில் ஏற்றுங்கள். காலை பாதி, மாலை பாதி, அடர்தீவனத்தில் பிசறிக் கொடுங்கள். தொட்டித் தண்ணீரில் கரைத்தால் மாடு குடிப்பதையே குறைத்துவிடும். சலவைச் சோடா வேறு பொருள், வாயைப் புண்ணாக்கும். கன்று போட மூன்று வாரமே இருக்கும் சினைமாட்டுக்குச் சோடாவை நிறுத்துங்கள். பால் காய்ச்சலுக்கு (கன்று போட்டதும் இரத்தத்தில் சுண்ணாம்புச்சத்து குறைந்து மாடு படுத்துவிடும் நோய்) வழிவிடும். நார்த்தீவனம் இல்லாமல் சோடாவை மட்டும் கொட்டுவது வீண்செலவு.

தாது உப்புக் கலவை 50 கிராம், கல்லுப்பு 30 கிராம் தினமும். கலவையில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் ஏற்கெனவே புளோரைடு அதிகம். சுத்திகரிக்காத பாஸ்பேட் சேர்த்த மலிவுக் கலவை அதைக் கூட்டும். பல் கறைபடும், மாடு நொண்டும். இந்தக் கலவையால் நாளைக்கே பால் ஏறாது. பலன் பருவத்துக்கு வருவதிலும் சினை பிடிப்பதிலும் தெரியும்.

பைபாஸ் கொழுப்பு (முன்வயிற்றில் கரையாமல் தாண்டிப்போய்க் குடலில் செரிக்கும் கொழுப்பு) நாளுக்கு 100–150 கிராம், கன்று போட்டு மூன்று மாதத்துக்குள் நன்றாகக் கறக்கும் மாட்டுக்கு மட்டும். ஐந்து லிட்டர் மாட்டுக்குக் காசு தேறாது. அதற்குப் பதில் சமையல் எண்ணெய் ஊற்றினால் நார் செரிப்பது கெடும்.

தீவனத்தில் பெரும்பங்கை விடியற்காலையிலும் இருட்டிய பிறகும் வையுங்கள். செரிமானச் சூடு உச்சி வெயிலோடு சேரக்கூடாது. குடிக்க 80 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் வேண்டும். கறுப்பு டேங்க் தண்ணீர் மதியம் கொதிக்கும், மேலே ஈரச்சாக்கு போடுங்கள்.

மாம்பழ சீசனில் கூழ் ஆலைத் தோல் மலிவாகக் கிடைக்கும். புளித்த தோலைத் தொடாதீர்கள். புதியதானாலும் சோளத்தட்டை தின்ற பிறகு கொஞ்சமாகத்தான். வெறும் வயிற்றில் கூடை கூடையாகப் போட்டு, மாடு அசைபோடாமல், சாணி தண்ணீராய்ப் புளிப்பு நாற்றத்தோடு போனால், சோடாவை நம்பிக் காத்திருக்காமல் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்கு அழையுங்கள்.