புதுப் பாகம் மாட்டியதும் சிஸ்டம் கிராஷ் ஆகிறதா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

புது கிராபிக்ஸ் கார்டோ ரேமோ மாட்டிய இரண்டாம் நாளே சிஸ்டம் படுத்துவிட்டால், பழி முழுவதும் புதுப் பொருள் மேல்தான் விழும். கழற்றிக் கடைக்கு எடுத்துப்போவோம். கடைக்காரர் தன் டெஸ்ட் மெஷினில் மாட்டிக் காட்டுவார்; அங்கே ஒரு குறையும் இல்லாமல் ஓடும். பல நேரங்களில் பழுது புதுசில் இருப்பதில்லை. கூடுதல் சுமை வராதவரை சமாளித்துக்கொண்டிருந்த எஸ்எம்பிஎஸ் (சிஸ்டத்துக்கு மின்சாரம் தரும் பெட்டி), முந்தைய ரேமுக்கென்று பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புகளில்) வைத்த வேகம், நீக்காமல் விட்ட பழைய டிரைவர் (பாகத்தை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்) ஆகியவற்றில் ஏதோ ஒன்றின் குட்டு இப்போது வெளிப்பட்டிருக்கும். அதனால் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன் கவனிக்கவேண்டியது ஒன்றுதான்: சிஸ்டம் எப்படி நின்றது?

தடயத்தை அழிப்பது

எல்லாவற்றுக்கும் மேலான தவறு, எடுத்த எடுப்பில் விண்டோஸை ஃபார்மட் செய்வது. இரண்டு மணி நேரமும் டேட்டாவும் போவது ஒருபுறம் இருக்க, என்ன நடந்தது என்று சொல்லும் பதிவுகளும் சேர்ந்து போய்விடுகின்றன. ரேம் பழுதாக இருக்கும்போது விண்டோஸ் இன்ஸ்டால் செய்தால், புதிய விண்டோஸும் கெட்ட ஃபைல்களோடுதான் பிறக்கும். 'பிசி கிளீனர்' வகை மென்பொருள்களையும் இந்த நேரத்தில் ஓட்டவேண்டாம். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும், கிராஷ் விவரம் பதிவான மினிடம்ப் ஃபைல்களைக் குப்பை என்று நினைத்து அவை துடைத்துவிடும்.

நீலத் திரை வந்து, படிப்பதற்குள் ரீஸ்டார்ட் ஆகிறதென்றால், அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸில் 'ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி' பகுதிக்குப் போய் 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' டிக்கை எடுத்துவிடுங்கள். அடுத்த முறை திரை அப்படியே நிற்கும். போனில் படம் எடுத்துக்கொள்ளலாம். ஸ்டார்ட் மெனுவில் 'ரிலயபிலிட்டி' என்று தேடினால் வரும் ரிலயபிலிட்டி மானிட்டரில், கிராஷ்கள் நாள்வாரியாகச் சிவப்புக் குறியோடு இருக்கும். புதுப் பாகம் மாட்டிய தேதிக்கு முன்பே சிவப்புக் குறிகள் இருந்தால், நீங்கள் தேடவேண்டிய இடம் வேறு.

விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரைத் திறந்தவுடன் 'கெர்னல் பவர் 41' கண்ணில் படும். பெயரில் பவர் இருப்பதால் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது என்று முடிவுகட்டுகிறவர்கள் நிறைய. அது சொல்வது இவ்வளவுதான்: கடந்த முறை சிஸ்டம் முறையாக ஷட்டவுன் ஆகவில்லை. அதன் 'டீடெய்ல்ஸ்' பகுதியில் 'பக்செக் கோட்' எண்ணைப் பாருங்கள். 0 என்றால் நீலத் திரை எதுவும் பதிவாகவில்லை. மின்சாரம் அறுந்திருக்கலாம், அல்லது முழுதாக உறைந்து, நீங்களே பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்திருக்கலாம். வேறு எண் இருந்தால் நீலத் திரை வந்திருக்கிறது.

நீலத் திரையில் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பெயர் வந்தால் சந்தேகம் ரேம் மேல். எப்போதும் ஒரே பெயர், கூடவே ஒரே டிரைவர் ஃபைலின் பெயர் என்றால் முதலில் அந்த டிரைவர். 'வீடியோ டிடிஆர் ஃபெயிலியர்' என்றால் கிராபிக்ஸ் டிரைவரோ கார்டோ. 'வியா அன்கரெக்டபிள் எரர்' வந்தால், பழுது வன்பொருளில் இருப்பதாகப் பிராசஸரே புகார் கொடுக்கிறது என்று பொருள். ஓவர்கிளாக் (நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது) ஏதாவது செய்திருந்தால் அதை முதலில் எடுங்கள்.

எஸ்எம்பிஎஸ் மேல் எழுதியிருப்பதை நம்புவது

கேம் ஆடும்போது திரை, ஃபேன், விளக்கு எல்லாம் ஒரே நொடியில் அணைந்தால், பெரும்பாலும் சுமை தாங்காமல் எஸ்எம்பிஎஸ் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்கிறது. '450 வாட் போட்டிருக்கிறேனே' என்பார்கள். கேபினெட்டோடு சேர்ந்து வந்த மலிவான எஸ்எம்பிஎஸ் என்றால் ஸ்டிக்கரில் பெரிதாக எழுதிய எண்ணை விட்டுவிட்டு, கீழே உள்ள கட்டத்தில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் இழுப்பது பெரும்பாலும் அந்த 12 வோல்ட்டிலிருந்துதான். 18 ஆம்பியர் என்று போட்டிருந்தால் 12 × 18 = 216 வாட்; பெட்டிமேல் என்ன எழுதியிருந்தாலும் உங்கள் கையில் இருப்பது அவ்வளவுதான். ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு 170 வாட் எடுக்கும். கோர் ஐ5-12400 பிராசஸர் டர்போவில் 117 வாட் வரை போகும். இரண்டும் சேர்ந்தாலே 287. அந்தக் கார்டுக்கு என்விடியா பரிந்துரைப்பது 550 வாட் எஸ்எம்பிஎஸ்.

கணக்கு சரியாக இருந்தும் அணையலாம். கிராபிக்ஸ் கார்டின் இழுப்பு சீராக இருப்பதில்லை. மில்லிநொடிக் கணக்கில் அதன் அளவைத் தாண்டித் துள்ளும். எஸ்எம்பிஎஸ்களுக்கென்று 2022-ல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 தரம் இந்தத் துள்ளலையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. பழைய எஸ்எம்பிஎஸ்கள் இதற்கென்று வடிவமைக்கப்பட்டவை அல்ல. செலவில்லாமல் சோதிக்க ஒரு வழி உண்டு. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கார்டின் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்கி, எந்த கேமில் அணைந்ததோ அதே கேமை ஆடுங்கள். அணைவது நின்றால் சந்தேகம் எஸ்எம்பிஎஸ் பக்கம் வலுவாகத் திரும்புகிறது.

வயரிங்கில்தான் ஆபத்தான தவறுகள் நடக்கின்றன. பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் தருவது அதிகபட்சம் 75 வாட். 6 பின் கனெக்டர் இன்னொரு 75, 8 பின் கனெக்டர் 150. எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த வயர் இல்லை என்று, ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் ஒரு சாட்டா பவர் வயரை 6 பின்னாக மாற்றும் அடாப்டரை வாங்கிப் போடுகிறார்கள். சாட்டா பவரில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின்கள், ஒவ்வொன்றுக்கும் 1.5 ஆம்பியர், ஆக 54 வாட். அதிலிருந்து 75 வாட்டை இழுத்தால் கனெக்டர் உருகும். அந்த அடாப்டர் கார்டு பெட்டிக்குள்ளேயே வந்திருந்தாலும் தூக்கி எறிவதுதான் நல்லது. கார்டில் இரண்டு 8 பின் சாக்கெட் இருந்தால், ஒரே வயரின் இரண்டு தலைகளை மாட்டாமல் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து இரண்டு தனி வயர்களை இழுங்கள்.

வயர்களைக் கழற்றி மாட்டக்கூடிய மாடுலர் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றும்போது, பழைய வயர்களை அப்படியே விட்டுப் பெட்டியை மட்டும் மாற்றுவது பெரும் தவறு. எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையின் பின் வரிசைக்குப் பொதுத் தரம் கிடையாது. சாக்கெட்டில் கச்சிதமாகப் பொருந்தும்; ஆனால் 5 வோல்ட் போகவேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் ஹார்டு டிஸ்க் புகைந்துவிடும்.

யுபிஎஸ்ஸை யாரும் நினைப்பதில்லை. கரன்ட் போகும்போது மட்டும் சிஸ்டம் அணைகிறதா? வீடுகளில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் தருவது பெரும்பாலும் 360 வாட். மெயின் கரன்ட் இருக்கும்வரை அது வெறும் வழிப்பாதை, பேட்டரிக்கு மாறும்போதுதான் மொத்தச் சுமையும் அதன் தலையில் விழும். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுபவர்கள் அதன் பின்புறச் சுவிட்ச் 'யுபிஎஸ்' மோடில் இருக்கிறதா என்றும் பாருங்கள். சாதாரண மோடில் மாறுவதற்கு எடுக்கும் நேரம் ஃபேனுக்குப் போதும், கம்ப்யூட்டருக்கு அதிகம்.

எந்த ரேமோடும் எந்த ரேமும் சேரும் என்று நினைப்பது

8 ஜிபி இருக்கிறது, இன்னொரு 8 ஜிபி போடலாம் என்று வாங்குவது வழக்கம். டிடிஆர்4 என்று இரண்டிலும் எழுதியிருந்தால் போதும் என்று நினைக்கிறோம். பயாஸில் பழைய ரேமுக்காக எக்ஸ்எம்பி (ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் அமைப்பு) ஆன் செய்து வைத்திருப்போம். அந்த வேகத்தையும் டைமிங்கையும் புது ரேம் தாங்கவேண்டும் என்று கட்டாயமில்லை. முதல் வேலை எக்ஸ்எம்பியை அணைப்பது. பிறகும் கிராஷ் ஆனால்தான் மேற்கொண்டு பார்க்கவேண்டும். நான்கு ஸ்லாட் போர்டில் இரண்டு ரேம்களுக்கான இடம் பெரும்பாலும் பிராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவதும் நான்காவதும். மேனுவலைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

சோதனைக்கு மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனை மென்பொருள் போதும். பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்தே பூட் செய்யவேண்டும். நான்கு சுற்றும் முடிய மணிக்கணக்கில் ஆகும், இரவில் விட்டுவிடலாம். ஒரே ஒரு எரர் வந்தாலும் தோல்விதான். இரண்டு ரேமையும் சேர்த்து வைத்துச் சோதிப்பதில் பாதி விடைதான் கிடைக்கும். புதுசைத் தனியாக ஒரு ஸ்லாட்டில் போட்டு ஓட்டுங்கள். அதே ஸ்லாட்டில் பழசை ஓட்டுங்கள். பிறகு புதுசை அடுத்த ஸ்லாட்டில் ஓட்டுங்கள். எந்த ஸ்லாட்டிலும் புதுசு மட்டும் தோற்றால் ரேம் பழுது. எது போட்டாலும் ஒரே ஸ்லாட்டில் தோற்றால் போர்டு. தனித்தனியாகத் தேறி, சேர்ந்தால் தோற்றால் யார்மேலும் குற்றமில்லை, பொருத்தம்தான் இல்லை. பயாஸில் ரேமின் வேகம் 3200 என்றால் அதை 2933-க்கோ 2666-க்கோ இறக்கிப் பாருங்கள். சரிவராவிட்டால் வாரன்டியில் அனுப்பிப் பயனில்லை, கடையில் மாற்றிக் கேட்கவேண்டியதுதான்.

ரேமின் தங்க முனையைப் பென்சில் ரப்பரால் தேய்ப்பது நம் ஊர்ச் சர்வீஸ் சென்டர்களில் நடக்கும் பழைய வைத்தியம். சில நேரம் பலிக்கவும் செய்யும், ஆனால் பலிப்பது பெரும்பாலும் கழற்றி மாட்டியதால்தான். ரப்பர் துகள் ஸ்லாட்டுக்குள் போகும், மெல்லிய தங்கப் பூச்சும் தேயும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்தால் போதும். கழற்றும்போது ஷட்டவுன் செய்வது மட்டும் போதாது. போர்டில் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை ஓடிக்கொண்டே இருக்கும். பவர் கார்டை உருவி, பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்தி மிச்சத்தை வடித்துவிட்டுக் கை வையுங்கள்.

ஏஎம்டி பிராசஸருக்கான ஏஎம்5 போர்டில் டிடிஆர்5 ரேம் மாட்டியவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் பூட்டில் ரேமைப் பழக்கிக்கொள்ள போர்டு சில நிமிடங்கள் எடுக்கும், திரை கறுப்பாகவே இருக்கும். அது கிராஷ் அல்ல. நடுவில் பட்டனை அழுத்தினால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும்.

ஷட்டவுன் செய்தால் சுத்தமாகிவிடும் என்று நினைப்பது

விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆனில் இருந்தால், ஷட்டவுன் என்பது முழு ஷட்டவுன் அல்ல. கெர்னலும் டிரைவர்களும் இருந்த நிலை டிஸ்கில் சேமிக்கப்பட்டு மறுநாள் அப்படியே திரும்ப வருகிறது. நேற்றைய சிஸ்டத்தின் நினைவோடு எழுந்தால் புதுப் பாகத்தோடு தகராறு வரலாம். ரீஸ்டார்ட் கொடுத்தால் இந்தச் சிக்கல் இல்லை. பாகம் மாட்டப்போகும் முன் ஷிஃப்ட் கீயைப் பிடித்துக்கொண்டு ஷட்டவுன் கொடுங்கள்.

ஏஎம்டி கார்டிலிருந்து என்விடியாவுக்கோ, அங்கிருந்து இங்கோ மாறினால் பழைய டிரைவரைச் சேஃப் மோடில் டிடியூ (டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்) என்ற மென்பொருள் கொண்டு நீக்குங்கள். நெட்டைத் துண்டித்துக்கொள்வது முக்கியம். இல்லாவிட்டால் நீங்கள் புதுசை ஏற்றுவதற்குள் விண்டோஸ் அப்டேட் தன் இஷ்டத்துக்கு ஒன்றை ஏற்றிவிடும். 'எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் அப்டேட் செய்யும்' மென்பொருள்கள் பக்கமே போகவேண்டாம்.

எம்.2 எஸ்எஸ்டி மாட்டியதும் பழைய ஹார்டு டிஸ்க் காணாமல் போனால் பயப்படவேண்டாம். பல போர்டுகளில் சில சாட்டா போர்ட்டுகளும் எம்.2 ஸ்லாட்டும் ஒரே பாதையைப் பங்குபோடுகின்றன. மேனுவலில் அட்டவணை இருக்கும், வயரை வேறு போர்ட்டுக்கு மாற்றினால் போதும். பயாஸில் டிஸ்க் இயங்கும் முறைக்கான ஏஎச்சிஐ, ரெய்டு, விஎம்டி அமைப்புகளை மாற்றிப் பார்ப்பதுதான் வம்பு. 'இன்ஆக்சஸபிள் பூட் டிவைஸ்' என்று விண்டோஸ் நின்றுவிடும்.

யுஎஸ்பி பொருள்களில் பிரச்சினை பெரும்பாலும் கரன்ட்தான். யுஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லிஆம்பியர், 3.0 போர்ட் 900. கேபினெட்டின் முன்பக்கப் போர்ட்டை விட்டுப் பின்புறம் மாட்டிப் பாருங்கள், அல்லது தனி அடாப்டர் உள்ள ஹப் வாங்குங்கள். யுஎஸ்பி ஓவர்கரன்ட் என்று காட்டி 15 நொடியில் அணையும் போர்டுகள் உண்டு. அப்போது போர்ட்டுக்குள் டார்ச் அடித்து வளைந்த பின் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரே நேரத்தில் நாலைந்தை மாற்றுவது

பயாஸ் அப்டேட், புது டிரைவர், ரேம் இடமாற்றம் மூன்றையும் ஒரே மாலையில் செய்தால், கிராஷ் நின்றாலும் எதனால் நின்றது என்று தெரியாது. அடிக்கடி அணையும் சிஸ்டத்தில் பயாஸ் அப்டேட் செய்வது வேறு ஆபத்து. பாதியில் அணைந்தால் போர்டே போய்விடலாம். புதுசைக் கழற்றி, சிஸ்டம் நிலைத்து நிற்கிறது என்று உறுதியானபின் செய்யுங்கள். அதற்கு முன், டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் ஆனில் இருக்கிறதா என்று பார்த்து, தற்காலிகமாக நிறுத்திவையுங்கள். இல்லையென்றால் அடுத்த பூட்டில் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டு நிற்கும். அந்தக் கீ சேமிக்கப்பட்டிருக்கும் மைக்ரோசாஃப்ட் கணக்கின் பாஸ்வேர்டும் மறந்துவிட்டிருந்தால் டேட்டா போனதுபோலத்தான்.

ஒன்றை மாற்றியபின் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பது, கிராஷ் முன்பு எவ்வளவு இடைவெளியில் வந்தது என்பதைப் பொறுத்தது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்தது ஒரு மணி நேரம் வராவிட்டால் நம்பலாம். இரண்டு நாளுக்கு ஒருமுறை வந்ததற்கு ஒரு வாரமாவது அதே வேலை, அதே கேம், அதே அறைச் சூட்டில் ஓட்டிப் பாருங்கள். அதுவரை பழைய பாகத்தையும் பில்லையும் பெட்டியையும் வைத்திருங்கள்.