ஃப்ரீமேசன் தீட்சைச் சடங்கின் பொருளை வாசிப்பது எப்படி

கல்தச்சரின் கருவிகளைக் குறியீடாகக் கொண்ட சகோதர அமைப்பான ஃப்ரீமேசன்களின் லாட்ஜில், அதாவது கிளைச் சபையில், ஒருவரைச் சேர்த்துக்கொள்ளும் சடங்கைப் புரிந்துகொள்ள விரும்புவோர் பெரும்பாலும் குறியீடுகளின் பட்டியலைத் தேடிப் போகிறார்கள். செங்கோணம் பார்க்கும் மூலைமட்டம் என்றால் நேர்மை, கவராயம் என்றால் தன்னடக்கம் என்று அவை சொல்வதில் பிழையில்லை. ஆனால் அதைக் கொண்டு சடங்கு ஏன் இப்படி அமைந்தது என்பதை அறிய முடியாது. இச்சடங்கில் முதலில் உடலுக்கு ஒன்று நேர்கிறது, அதன் காரணம் நெடுநேரம் கழித்தே சொல்லப்படுகிறது. அந்த இடைவெளியில்தான் அறப்பொருள் உருவாகிறது என்பதால், நிகழும் வரிசையில் ஒருமுறையும், விளக்கங்களிலிருந்து பின்னோக்கி ஒருமுறையும் வாசிப்பதே சரியான வழி.

தொடங்குமுன் எந்தச் சடங்கை வாசிக்கிறோம் என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும், ஏனெனில் உலகமெங்கும் செல்லும் ஒரே சடங்கு என்று எதுவும் இல்லை. 1717-இல் லண்டனில், லாட்ஜுகளுக்குத் தலைமையான கிராண்ட் லாட்ஜ் அமைந்ததாகச் சொல்வது மரபு. 1730-இல் சாமுவேல் பிரிச்சர்ட் என்பவர் உறுப்பினர் ஒன்றன்பின் ஒன்றாக ஏறும் மூன்று படிகளின் சடங்குகளையும் அச்சில் அம்பலப்படுத்தினார். போட்டியாக நின்ற இரண்டு கிராண்ட் லாட்ஜுகள் 1813-இல் இணைந்தபோது சடங்கும் ஒழுங்குபடுத்தப்பட்டது. அதன்பின் 1823-இல் தோன்றிய எமுலேஷன் லாட்ஜ் பயிற்றுவித்த வடிவமே இங்கிலாந்தில் பரவலானது, இந்தியாவிலும் ஆங்கிலேயர் வழியாக அறியப்பட்டது. இங்கே நான் எடுத்துக்கொள்வது அந்த வடிவத்தின் முதல் படியை மட்டும். அதன் சடங்கு நூல்கள் விலைக்குக் கிடைக்கின்றன. அவற்றில் சுருக்கெழுத்தாக மறைத்திருக்கும் சைகைகளும் சொற்களும் உறுப்பினர்கள் ஒருவரையொருவர் அடையாளம் காண்பதற்கானவை. அறப்பொருளைத் தேடுபவருக்கு அவை இல்லாமலே வேலை நடக்கும்.

முதல் வாசிப்பைத் தீட்சை பெறுபவரின் நிலையிலிருந்து செய்ய வேண்டும். அவருக்கு எதுவும் தெரியாது, ஏனெனில் வெளியறையிலேயே அவருடைய கண்கள் கட்டப்படுகின்றன. காசு, மோதிரம், கடிகாரம் என்று உலோகமாக உள்ள எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிடுகிறார்கள். வலக்கை, இடப்பக்க மார்பு, இட முழங்கால் ஆகியவை வெளித்தெரியும்படி உடை விலக்கப்படுகிறது. வலது குதிகாலில் காலணி மடித்துவிடப்படுகிறது. கழுத்தில் சுருக்குக் கயிறு போடப்படுகிறது. பிரபு ஆனாலும் கடைக்காரர் ஆனாலும் இதே கோலம்தான். 1770-களில் திருச்சிராப்பள்ளியில் தீட்சை பெற்ற ஆற்காட்டு நவாபின் மூத்த மகன் உம்தத்-உல்-உமரா, தம் நகைகளைக் களைந்த பிறகு அந்த வாசலில் எப்படி நின்றிருப்பார் என்று எண்ணிப் பார்த்தால், இந்த ஏற்பாட்டின் கூர்மை விளங்கும்.

வாசலைத் தாண்டும்போது குறுவாளின் முனை அவருடைய வெறும் மார்பில் வைக்கப்படுகிறது. மார்பில் வாளும் கழுத்தில் கயிறும் ஏன் சேர்ந்தே வருகின்றன என்பதைச் சடங்கு பிறகு சொல்கிறது: முன்னே பாய்ந்திருந்தால் வாளில் தானே குத்துண்டிருப்பார், பின்வாங்கியிருந்தால் கயிறு இறுகியிருக்கும். ஆகவே, அவசரமும் வேண்டாம், கோழைத்தனமும் வேண்டாம், அழைத்துச் செல்பவரோடு நிதானமாக நடந்தால் இரண்டு ஆபத்தும் இல்லை. இதோடு சேர்த்து வாசிக்க வேண்டியது, அவரிடம் வெவ்வேறு இடங்களில் கேட்கப்படும் கேள்விகள்: நீர் சுதந்திர மனிதரா, உரிய வயதை அடைந்தவரா, எவருடைய வற்புறுத்தலும் இன்றி வந்தீரா, ஆபத்தில் யாரை நம்புகிறீர்? கயிற்றில் கட்டி நிறுத்திய ஒருவரிடம் சுதந்திரத்தைப் பற்றிக் கேட்பது முரண்போலத் தோன்றும். விரும்பி ஏற்ற கட்டுப்பாட்டையும் பிறர் திணித்த கட்டுப்பாட்டையும் பிரித்துக் காட்டவே அந்த முரண் வைக்கப்பட்டிருக்கிறது என்பது என் கருத்து.

அடுத்து உறுதிமொழி. பழைய வடிவத்தில் இதில் அச்சமூட்டும் உடல் தண்டனைகள் சொல்லப்பட்டன. இன்றும் ஃப்ரீமேசன்களைப் பற்றிய வதந்திகள் இவற்றையே பிடித்துக்கொண்டு தொங்குகின்றன. அவை வெறும் குறியீடே என்று நெடுங்காலம் விளக்கிவந்த இங்கிலாந்தின் ஐக்கிய கிராண்ட் லாட்ஜ், 1986-இல் அவற்றை உறுதிமொழியிலிருந்தே நீக்கிவிட்டது. கையில் உள்ள நூல் எந்த ஆண்டினது என்று பார்த்துக்கொள்வது இதனால் அவசியம்.

உறுதிமொழிக்குப் பிறகு, இப்போது உம் மனம் அதிகம் விரும்புவது என்ன என்று கேட்கிறார்கள். “ஒளி” என்பது விடை. கட்டு அவிழ்கிறது. அவர் முதலில் காண்பது மனிதர்களை அல்ல. தம் கை வைத்திருக்கும் வேதநூலையும் அதன்மேல் கிடக்கும் மூலைமட்டத்தையும் கவராயத்தையும்தான். நம்பிக்கையை நெறிப்படுத்த நூல், செயலைச் சீர்ப்படுத்த மூலைமட்டம், மற்ற மனிதரிடம் எல்லை மீறாதிருக்கக் கவராயம் என்று விளக்கம் தரப்படுகிறது. எந்த வேதநூல் என்பது அவரவர் சமயத்தைப் பொறுத்தது; 1961-இல் தனித்து அமைந்த இந்திய கிராண்ட் லாட்ஜின் லாட்ஜுகளில் கீதை, குர்ஆன், பைபிள் முதலிய நூல்கள் அருகருகே வைக்கப்படுகின்றன.

பிறகு வெள்ளை ஆட்டுக்குட்டித் தோலால் ஆன ஏப்ரன் கட்டப்படுகிறது. பழைய வீர விருதுகளைவிட இது மேலானது என்ற புகழுரையை விரைவாகக் கடந்துவிடலாம். அதைத் தொடர்ந்து வரும் அறிவுரையே கவனிக்கத் தக்கது: உங்களோடு பகை உள்ள சகோதரர் ஒருவர் இருக்கும் லாட்ஜுக்குச் செல்வதாக இருந்தால், அந்தப் பகையைத் தீர்த்துக்கொள்ளும்வரை இந்த ஏப்ரனைக் கட்டக்கூடாது.

இனி வடகிழக்கு மூலை. முழுச் சடங்கின் முடிச்சும் இங்கேதான் அவிழ்கிறது. கட்டடத்தின் முதல் கல்லை வடகிழக்கில் வைப்பது வழக்கம் என்று சொல்லி, புதியவரை அந்த மூலையில் கல்லாகவே நிறுத்துகிறார்கள். அவருடைய பாதங்கள் மூலைமட்ட வடிவில் இருக்கும். (நம் ஈசானிய மூலை நினைவுக்கு வருவது இயல்பு, திசை ஒத்துப்போவதை வைத்து உறவு கற்பிப்பது வேண்டாத வேலை.) தான தர்மத்தைப் புகழ்ந்து ஓர் உரை நிகழ்கிறது. அது முடிந்ததும் டீக்கன் எனப்படும் லாட்ஜ் பொறுப்பாளர் அவரிடம் வந்து, இயன்றதைத் தருமாறு கேட்கிறார். அவர் கை தானாகவே பைக்குப் போகும். பையில் ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் முன்பே வாங்கிக்கொண்டார்கள் என்று சபை முன்னிலையில் சொல்ல வேண்டியிருக்கிறது. இருந்தால் தருவீரா என்று மறுபடி கேட்கிறார்கள். தருவேன் என்கிறார். அப்போதுதான் லாட்ஜின் தலைவர் காரணத்தைச் சொல்கிறார்: இது உம்மை ஏளனம் செய்ய அல்ல, என்றாவது ஒருநாள் துன்பத்தில் உள்ள ஒருவர் உம்மிடம் உதவி கேட்டால், ஏழையாக, கையில் காசின்றி நீர் இங்கே நின்ற இந்தக் கணத்தை நினைத்துக்கொள்ளும்.

இந்த இடத்தில் நூலை நிறுத்திவிட்டு, வெளியறைக் காட்சியை மீண்டும் வாசிக்க வேண்டும். உலோகங்களைக் களைந்ததற்கு, சாலமோனின் ஆலயம் கட்டப்பட்டபோது இரும்புக் கருவியின் ஓசை அங்கே கேட்கவில்லை என்ற பைபிள் செய்தியையும் காரணமாகச் சொல்வதுண்டு. அது அறிவுக்கு ஏற்ற விளக்கம். வடகிழக்கு மூலை தரும் விளக்கமோ வெட்கத்தின் வழியாக வருவது. ஈகையைப் பற்றி எவ்வளவு பேசினாலும் பதியாத ஒன்றை, வெறும் பை பதியவைத்துவிடுகிறது.

கடைசியாகக் கருவிகள் கையளிக்கப்படுகின்றன. 24 அங்குல அளவுகோல் நாளின் 24 மணி நேரத்தைக் குறிக்கிறது: இறைவணக்கத்துக்கு ஒரு பங்கு, உழைப்புக்கும் ஓய்வுக்கும் ஒரு பங்கு, தேவையில் உள்ள நண்பருக்கு உதவ ஒரு பங்கு. உதவி தனக்கும் தன்னைச் சார்ந்தவர்க்கும் கேடில்லாத அளவில் இருக்கட்டும் என்ற வரம்பையும் கூடவே சேர்த்திருக்கிறார்கள். ஊருக்கு அள்ளிக் கொடுத்துவிட்டுக் குடும்பத்தைத் தவிக்கவிடும் தர்மவானை இச்சடங்கு போற்றவில்லை. சுத்தியல் மனச்சாட்சியின் வலிமை, உளி கல்வி. கரடுமுரடான கல்லை இவை இரண்டும் சேர்ந்தே பொளிகின்றன. அமெரிக்க லாட்ஜுகளின் முதல் படியில் உளி இடம்பெறுவதில்லை.

வாசிப்பைச் சரிபார்க்க, பிரான்ஸ் முதலிய நாடுகளின் வடிவத்தை அருகில் வைத்துப் பார்க்கலாம். அங்கே தீட்சைக்கு முன் ஒருவரைச் சிந்தனை அறையில் தனியே அமர்த்துகிறார்கள். மண்டையோடு, மணற்கடிகாரம், ரொட்டி, உப்பு ஆகியவற்றின் நடுவே அவர் தம் வாழ்க்கை நோக்கைச் சொல்லும் மெய்யியல் உயிலை எழுதுகிறார். எமுலேஷன் சடங்கு ஈகையில் வைக்கும் அழுத்தத்தை அது மரணத்தில் வைக்கிறது. ஆங்கில வடிவிலும் மரணம் உண்டு, ஆனால் சாலமோனின் ஆலயத்தைக் கட்டிய ஹிராம் கொல்லப்படும் கதையோடு மூன்றாம் படிக்காகக் காத்திருக்கிறது. அடுத்த படிகளுக்குச் செல்லும்போது முதலில் கவராயத்தின் முனைகளைப் பாருங்கள்: முதல் படியில் இரண்டும் மூலைமட்டத்தின் கீழ் மறைந்திருக்கும், இரண்டாவதில் ஒன்று மேலே வரும், மூன்றாவதில் இரண்டும் வெளிப்பட்டுவிடும்.